குரைத்தால் வர வேண்டியவர்

என் மாமனார் பிரான்சிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்புகிறார் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஓர் எதிர்பார்ப்பு. சென்ட் பாட்டில் வரும், சீஸ் வரும், நல்ல சாக்லேட் வரும் என்று பேசிக்கொண்டே சென்னை விமான நிலையத்துக்குப் போனோம். அவர் கொண்டு வந்தது ஒரு நாய். பெரிய பிளாஸ்டிக் கூண்டை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கூண்டுக்குள்ளிருந்து தொங்கிய காதுகளும் தூக்கம் கெட்ட கண்களுமாக ஒரு முகம் என்னைப் பார்த்தது. எனக்கு நாய் ஆகாது. அதை அங்கேயே, கார் நிறுத்துமிடத்திலேயே, என் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"இந்த நாயி வீட்டுக்கு வந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"அத அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்றார் அவர்.

சொல்லத்தான் போனேன். மாமியாரை அந்த ஊர்க் கல்லறையில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிற மனிதர், டிராலியைவிட்டுக் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாமா, கார் அங்க நிக்குது" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்தா என்றுதான் சொல்வோம். ஓய்வுக்குப் பிறகு மாமியாரோடு தெற்கு பிரான்சில், மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருந்தார். என் கணவருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இளவயதிலேயே இங்கே திரும்பி வந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை வைத்தார். பட்டறையின் ஆபீஸ் வேலை என்னுடையது.

நான் கிறிஸ்துவப் பெண்தான் என்றாலும் சொல்தா குடும்பத்துப் பெண் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு பரிசு கொடுத்தபோது, மரியாதைக்கு அவர்கள் பாஷையிலேயே நன்றி சொல்ல நினைத்து "மெர்சி" என்றேன். நான் சொன்ன அழகைக் கேட்டு மாமியார் வீட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு சரி. அந்தக் குடும்பத்துக்குள் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் பிரெஞ்சு நன்றாகவே புரியும். ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

நாய்க்கு ஏதோ பிரெஞ்சுப் பெயர் இருந்தது. பட்டறைப் பையன்களுக்கு அது வாயில் நுழையவில்லை, துரை என்று கூப்பிட்டார்கள். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கி நெருக்கி விழுந்து, தூரத்திலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும். கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. பின்தொடையில் நீளமாக ஒரு தழும்பு, அதில் மட்டும் முடி முளைக்கவில்லை. காலையில் மாமா பட்டறைக்கு வரும்போது அதுவும் காரில் வரும். ஆபீஸ் அறையில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் இடம் என்னுடையது. வந்த மூன்றாம் நாளே அதைப் பிடித்துக்கொண்டது.

நான் பில் போட்டுக்கொண்டிருப்பேன். மாமா எதிரே உட்கார்ந்து, நான் கேட்காமலேயே, வேட்டைக் கதை சொல்வார். அந்த ஊரில் இலை உதிர ஆரம்பித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பன்றி வேட்டை. அங்கே அதற்கு லைசென்ஸ் உண்டு. நம் ஊர்ப் பக்கம் காட்டுப் பன்றியைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஊர் ஆண்கள் துப்பாக்கியோடு மலையைச் சுற்றி ஆளுக்கோர் இடத்தில் நின்றுகொள்வார்கள். நாய்களை உள்ளே விடுவார்கள். நாய்கள் மோப்பம் பிடித்துப் பன்றியைக் கிளப்பி ஓட்டும்.

"பன்னின்னா நம்ம ஊரு சாக்கடைப் பன்னின்னு நெனைச்சிக்காதம்மா. கன்னுக்குட்டி சைசு. கொம்பு மாரி பல்லு. ஓடி ஓடி சலிச்சிப் போயி ஒரு எடத்துல பாறையில முதுவ வெச்சினு திரும்பி நிக்கும் பாரு, அப்பதான் எந்த நாயி எப்படின்னு தெரியும்."

சில நாய் பாய்ந்து கடிக்கப் போய்க் குடல் சரிந்து விழும். சில நாய் பயந்து திரும்பி ஓடி வந்துவிடும். துரை இரண்டும் செய்யாது. பன்றியின் பல் எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும். பன்றி ஓர் அடி வைத்தால் தானும் ஓர் அடி பின்வாங்கும், திரும்பிப் போனால் வழியை மறிக்கும். நின்ற இடத்திலேயே குரைக்கும். ஓட்டும்போது குரைக்கிற குரைப்பு வேறு, இது வேறு. ஆழமாக, நிதானமாக, ஒரே சீராக வரும். இதை ஃபெர்ம் என்பார்கள் என்றார் மாமா.

"அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? நான் நிறுத்தி வெச்சிருக்கேன், நீ வா. அவ்ளோதான். கேட்டா போயாவணும்."

வேட்டைக்காரர் குரலை வைத்து மலையேறிப் போய்ப் பன்றியைச் சுடுவார். பிறகு நாயின் பிடரியில் கையை வைத்து, "லெஸ். சே பூர் முவா" என்பார். விடு, இனி என் பாடு என்று அர்த்தம். அந்தக் கையும் அந்த வார்த்தையும் சேர்ந்து வந்தால்தான் அது குரைப்பை நிறுத்தும். இல்லையென்றால் நிறுத்தாது. மற்ற நாய்களைக் கொம்பு ஊதித் திருப்பி அழைக்கலாம், இதை முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரல் கேட்டுக் கிளம்பிய மாமா பள்ளத்தில் சறுக்கிக் கணுக்காலை மடக்கிக்கொண்டார். எழுந்து, கிளையை ஊன்றி, நொண்டி நொண்டிப் போய்ச் சேர வெகுநேரம் ஆகிவிட்டது. பாதி வழியில் குரைப்புச் சத்தம் நின்றுவிட்டது. நாய் செத்துவிட்டது என்றே நினைத்தாராம். போய்ப் பார்த்தால் தொடை கிழிந்து தொங்க, துரை பன்றியை மறித்தபடி அதே இடத்தில் நிற்கிறது. வாய் திறந்து திறந்து மூடுகிறது. தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வருகிறது.

"சத்தம் போயிடுச்சி, ஆனா அது கூப்பிடறத நிறுத்தலம்மா" என்று சொல்லிவிட்டு மாமா அந்தத் தழும்பைத் தடவிக்கொடுத்தார். "நான் வரமாட்டேன்னு அது நெனைக்கவே இல்ல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிபன் கேரியரைத் திறந்து, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று அதட்டினேன்.

மாமாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தது. அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார். "எனக்கப்புறம் இது கூப்பிட்டா யாரும்மா போவா?"

"இந்த ஊர்ல இன்னா மாமா காட்டுப் பன்னியா கெடக்குது? அது எதுக்குக் கூப்பிடப் போவுது?" என்றேன்.

பெரிய புத்திசாலி மாதிரிதான் சொன்னேன். கத்திரி வெயில் வந்ததும் அந்தப் பதில் பல்லிளித்தது.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு காலி மனை, முழுக்கச் சீமைக்கருவேலம். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி வளர்க்கும் பன்றிகள் பகலெல்லாம் அங்கே மேயும். மாமா இருக்கும்வரை துரை அவற்றை ஏறிட்டும் பார்க்காது. அன்று மாமா இல்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்காக முழுக்கைச் சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். இங்கே லோடு வண்டிக்காகக் கேட்டைத் திறந்தார்கள். அந்தச் சந்தில் துரை வெளியே போய்விட்டது.

முதலில் ஓட்டுகிற குரைப்பு கேட்டது. பையன்கள் சிரித்தார்கள். பிறகு அது மாறியது. ஆழமாக, நிதானமாக, ஒரே சீராக. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை அந்தக் குரைப்பை நான் கேட்டதில்லை, ஆனாலும் இன்னது என்று தெரிந்துவிட்டது.

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். காம்பவுண்ட் சுவருக்கும் பழைய தண்ணீர் டேங்குக்கும் இடையிலிருந்த மூலையில் ஒரு பெரிய கறுப்புப் பன்றி சுவரோடு ஒட்டி நின்றது. வாயில் நுரை. எதிரே, எட்டாத தூரத்தில், துரை. பன்றிக்கார அம்மா குச்சியும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஐயோ, செனப் பன்னிங்க அது! இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடப்போவுது. இந்த வெயில்ல வெரட்டினா செத்துடும்ங்க! நாயப் புடிங்க, நல்லாருப்பீங்க!"

என் கணவர் பிடிக்கப் போனார். பன்றி அவர் மேல் பாய்ந்தது. என் கணவர் ஒரு காலி டிரம் மேல் ஏறிவிட்டார், அப்படி ஒரு வேகத்தை நான் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் பார்த்ததேயில்லை. மேலே நின்றுகொண்டே அப்பாவைப்போல "லெஸ்! சே பூர் முவா!" என்று கத்தினார். துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ மதியத்துக்கு வாங்கிய பிரியாணியிலிருந்து எலும்பை எடுத்து வீசினார்கள், அதையும் சட்டை செய்யவில்லை. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார்கள். பன்றிக்கார அம்மா பைப்பைப் பிடுங்கித் தன் பன்றி மேல் திருப்பிவிட்டு, "நீ பயப்படாதடி கண்ணு" என்று அழுதுகொண்டே நனைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பையன் கல்லை எடுத்தான்.

"நாயி மேல கல்லு பட்டுச்சி, உன் கைய ஒடைச்சிடுவேன்" என்று கத்தியது நான்தான். கத்திவிட்டு நானே அசந்துபோனேன்.

மாமாவின் போன் அணைந்திருந்தது. உயிரோடிருப்பதை நிரூபிக்கிற இடத்தில் போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது. "அவரு வராம இது விடாது, போயி இட்டுனு வாங்க" என்று கணவரை பைக்கில் விரட்டினேன். அவர் போய் வருவதற்குள் துரையின் குரல் கரகரத்துவிட்டது. நாக்கு தொங்கியது. அதற்கும் வயதாகிவிட்டது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மாமா வந்தார். அவசரப்படவில்லை. சான்றிதழ் வைத்திருந்த கவரை என்னிடம் கொடுத்துவிட்டு, பளபளக்கும் ஷூவோடு சேற்றில் இறங்கி, நாயின் கண்ணில் படும் பக்கமாகச் சுற்றி நடந்தார். துரை பன்றியிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை, வால் மட்டும் ஆட ஆரம்பித்தது. பன்றி உறுமியது. மாமா குனிந்து பிடரியில் கையை வைத்தார்.

"லெஸ். சே பூர் முவா."

குரைப்பு பாதியில் நின்றது. பன்றி ஒரு நிமிஷம் நம்பாமல் நின்றுவிட்டு, இருவரையும் சுற்றிக்கொண்டு புதருக்குள் போனது. பின்னாலேயே அந்த அம்மாவும் ஓடினாள். துரை போகிற பன்றியைப் பார்த்தது. மாமாவின் கைகளைப் பார்த்தது. துப்பாக்கி இல்லை. மறுபடியும் பன்றி போன திசையைப் பார்த்தது.

"ஏமாத்திட்டேன் அத" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க புள்ளையும் இதே வார்த்தையதான் சொன்னாரு. அது கேக்கவே இல்லியே?"

"எட்ட நின்னு சொன்னா எப்படிம்மா கேக்கும்? அது வான்னுதான கூப்பிடுது. வரணும். வந்துதான் சொல்லணும்."

அவர்கள் வழக்கப்படி, பன்றியை நிறுத்தி வைத்த நாய்க்கு அந்த இடத்திலேயே ஈரலில் பங்கு கொடுக்க வேண்டுமாம். பன்றிக்கார அம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது மாமா மிக மரியாதையாக அவளிடமே கேட்டார், கொஞ்சம் ஈரல் விலைக்குக் கிடைக்குமா என்று. அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"நல்லாருக்குதே நியாயம்! என் பன்னிய வெரட்டின நாயிக்கு நான் பங்கு வேற குடுக்கணுமா?"

ஆனால் அடுத்த வாரம் அவளே ஒரு பிளாஸ்டிக் பையோடு பட்டறை வாசலில் நின்றாள். குட்டிகளெல்லாம் நல்லபடியாகப் பிறந்துவிட்டன. "வேற பன்னி ஈரல்தான். ஒரு பல்லு கூட படாம நிறுத்தி வெச்சிதே, அந்தத் தொரைக்குக் குடுங்க" என்றாள். மாமா அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, என் காய் நறுக்கும் கட்டையில், என் கத்தியால் நறுக்கினார். நான் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். ஒரு பங்கைத் துரைக்குக் கொடுத்தார். மீதியைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தார். அதற்குப் பிறகு பன்றி வெட்டும்போதெல்லாம் அந்த அம்மா கொண்டு வந்து கொடுப்பாள், ஃப்ரீசரில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாயைப் பற்றி முணுமுணுத்தார்கள். சேதராப்பட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் தோப்பு வைத்திருக்கிறார், நாயை அங்கே விட்டுவிடலாம் என்று என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார். மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நாயி எங்கியும் போவாது" என்றேன்.

"நீதான ஏர்போர்ட்லயே சொன்ன?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன், எனக்கு நாயி ஆவாது. ஆனா அது எங்கியும் போவாது."

மாமா சாப்பிட ஆரம்பித்தார். கணவர் கை கழுவ எழுந்து போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா, அது கூப்பிட்டா, நீ போவியாம்மா?"

சரி என்று சொன்னால் அவர் சாவை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. "இப்பதான உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் வாங்கினு வந்தீங்க? அடுத்த வருஷம் வரைக்கும் அது செல்லும்" என்றேன். சிரித்தார். மறுபடியும் கேட்கவில்லை.

அந்தச் சான்றிதழின் கெடு முடிவதற்குள் போய்விட்டார். விடிகாலையில் நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், காலையிலேயே திரும்பக் கொண்டு வந்தோம். ஹாலில் ஐஸ் பெட்டி வைத்து, அவருடைய மெடல்களை நெஞ்சில் குத்தி, கையில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். நான் ஓடியாடி நாற்காலி போட்டேன், வந்தவர்களுக்குக் காபி சொன்னேன், பூக்காரனோடு சண்டை போட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாமனார்தானே, அப்பாவா என்ன என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

மதியம் போல, பின்கட்டில் கட்டியிருந்த துரையை யாரோ பாவம் பார்த்து அவிழ்த்துவிட்டார்கள். அது ஹால் வாசலுக்கு வந்தது. உள்ளே வரவில்லை. பெட்டியிலிருந்து, அன்று பன்றிக்கு எதிரே நின்ற அதே தூரத்தில், கால்களை ஊன்றி நின்று, குரைக்க ஆரம்பித்தது. ஆழமாக, நிதானமாக, ஒரே சீராக.

"வாயில்லா ஜீவன், எப்படி அழுவுது பாரு" என்று உறவுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அது அழவில்லை. எனக்குத் தெரியும். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதை என்னவென்று துரை நினைத்துக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. நான் நிறுத்தி வைத்திருக்கிறேன், நீ வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் தெரியும். வர வேண்டியவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபத்தை ஆரம்பிக்க முடியாமல் நின்றார். என் கணவர் நாற்காலியில் இருந்தபடியே, உடைந்த குரலில், அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். எழுந்துபோக அவருக்குத் தெம்பில்லை. வெளியே இழுத்துக் கட்டுங்கள் என்றார் ஒருவர், தூக்க மாத்திரை கொடுங்கள் என்றார் இன்னொருவர். துரையின் குரல் கட்ட ஆரம்பித்தது. பாதி சத்தம், பாதி காற்று. அது முழுக்கக் காற்றாகிவிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

தரையிலிருந்து எழுந்தேன். மெர்சிக்குச் சிரித்த பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நடந்தேன். நாயை நான் அதுவரை தொட்டதில்லை. அதன் கண்ணில் படும் பக்கமாகச் சுற்றிப் போய், குனிந்து, பிடரியில் கையை வைத்தேன். உள்ளே எலும்புவரை அதிர்ந்துகொண்டிருந்தது.

"லெஸ்" என்றேன். "சே பூர் முவா."

என் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். யாரும் சிரிக்கவில்லை. துரை திரும்பி என் கைகளைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்து இன்னும் ஒரு தடவை குரைத்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தன் பாரத்தையெல்லாம் என் முழங்கால் மேல் சாய்த்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சாமியார் ஜெபத்தை ஆரம்பித்து முடிக்கும்வரை அங்கேயே, வாசற்படியில், அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பியதும் புடவைகூட மாற்றாமல் சமையலறைக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்து, மாமா கட்டி வைத்திருந்த ஈரல் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். அது உருகுவதற்காகக் காத்துக்கொண்டு நானும் துரையும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நிறுத்தி வைத்ததற்குப் பங்கு கொடுக்க வேண்டும்.